தூக்குக் கட்டிலின் ஏலம்

அந்தக் கட்டிலின் மேல் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள். மலைமேல் திரிங்கா ஊர்ப் பக்கம், ஸ்ட்ராபெரித் தோட்டத்தோடு சேர்ந்த ஒரு காப்பிக் கடை. வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கென்றே வாசலில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் பூக்கொடி, பக்கத்தில் துருப்பிடித்த சைக்கிள், நடுவில் கால் வைத்த நீளமான பலகை. போன மாதம் என் மகள் காரில் அழைத்துப் போயிருந்தாள். “அம்மா, அதுல உக்காருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்” என்றாள். உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பலகையின் நான்கு மூலையிலும் பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று பிடிகள் கருத்த மரம். நான்காவது மட்டும் வெளிறிப்போன உருட்டு மரம். அது ஒரு மண்வெட்டிக் காம்பு. அதை அறுத்துப் பொருத்தியவர் என் மாமனார்.

அது உட்காருகிற பலகை இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், இறந்தவர்களைத் தூக்கிப் போகிற கட்டில். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து கல்லறை மேட்டுக்கு லோரி போகிற பாதை கிடையாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைதான். பெட்டியை இந்தக் கட்டிலின் மேல் வைத்துக் கயிறு போட்டு, மூலைக்கு ஓர் ஆளாகத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். வேலை முடிந்ததும் கழுவி, கோயிலின் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்துவிடுவார்கள். எங்கள் கோயில் என்பது மரப்பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய சின்ன மாதா கோயில். யாராவது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருமினால், “என்னா, தூக்குக் கட்டில்ல எடம் புடிச்சு வச்சிட்டியா?” என்று கேலி பேசுவது எங்கள் லயத்து வழக்கம். அந்தக் கேலிக்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எல்லாரும் ஏறப்போகிற வண்டிதானே.

என் மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். அவரைத் தூக்கிப் போனது அடைமழை நாளிலாம். மேட்டு வளைவில் கால் வழுக்கி, மாமனார் பிடித்திருந்த மூலையில் பிடி முறிந்துவிட்டது. கட்டிலைக் கீழே வைக்கச் சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை. பலகையின் அடியில் தோளைக் கொடுத்து, குனிந்தபடியே கல்லறை வரைக்கும் சுமந்து போயிருக்கிறார். மறுநாள் தன்னுடைய மண்வெட்டியின் காம்பைக் கழற்றி, முறிந்த இடத்தில் வைத்து ஆணி அடித்தார். மருமகளாக வந்த எனக்கு இதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். கடைசியில் சொல்வது எப்போதும் ஒன்றுதான். “என்னையும் அதுலதான் கொண்டு போவணும்மா. அந்தப் பிடிய உன் புருஷன் புடிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

என் வீட்டுக்காரருக்குத் தேயிலைச் செடிக்கு மருந்தடிக்கிற வேலை. விடியற்காலையில் டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவார். வாரின் அடியில் தோல் வெந்து, உரிந்து, திரும்பவும் வெந்து, தோள் இரண்டும் கருங்கல் மாதிரி ஆகிவிட்டிருந்தன. ஆனால் குரல் மட்டும் அந்த மருந்துக்கு மசியவில்லை. ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிற நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். அந்தக் குரலுக்காகத்தான் அறுப்புப் பண்டிகையில் அவரை ஏலம் போட வைத்தார்கள். சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவருகிற பூசணிக்காய், முட்டைக்கோஸ், கோழி, கேக் எல்லாவற்றையும் பூசை முடிந்தவுடன் கோயில் வாசலில் ஏலம் விடுவது வழக்கம். இடது கையில் ஒரு எனாமல் தட்டு, வலது கையில் கரண்டி. அதுதான் அவருடைய சுத்தியல்.

எங்கள் ஏலத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு பொருளை முதல் கேள்வியிலேயே விட்டுவிட்டால் அதைக் கொண்டுவந்தவருக்கு அவமானம். ஆகவே வேண்டுமோ வேண்டாமோ, இரண்டு மூன்று பேராவது ஏற்றிக் கேட்பார்கள். ஏற்றிக் கேட்டால்தான் மதிப்பு. பணத்தை அன்றைக்கே கொடுக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் போனஸ் வந்ததும் உண்டியலில் போட்டால் போதும். ஒரு வருஷம் நான் கொண்டுபோன நாலு சவ்சவ் காயை அவர் தூக்கிக் காட்டி, “இது வாயில்லாத பொம்பள வளர்த்த காயி. செடிகிட்ட மட்டும்தான் பேசுவா, அதான் இம்புட்டு பெருசா வந்துருக்கு. யாரு கேக்குறீங்க?” என்றாரே பார்க்கலாம். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்த நாலு காய்க்கு ஒரு சேவலின் விலை வந்தது. “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். கையில் காசில்லாதவனுக்கும் அந்த இடைவெளியில் துணிச்சல் வரும். யாராவது வாய் திறப்பார்கள். அதற்குப் பிறகுதான் “மூணு தரம்!” விழும்.

மேல் டிவிஷனை மூடப்போகிறார்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து சொன்னபோது யாரும் அழவில்லை. அவ்வளவு நாளாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்ததால் அழுகை அலுத்துப்போயிருந்தது. சிலருக்குக் கீழ் டிவிஷனில் வேலை, எங்களைப் போலச் சிலருக்கு ரிங்லெட் டவுனில் அடுக்குமாடி வீடு. லயம், கோயில், ஆயாக்கொட்டகை என்று நின்றதையெல்லாம் பிரித்தெடுக்கிற வேலையைக் கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு சீன முதலாளி, எங்கள் வாயில் தவுக்கே, எடுத்திருந்தார். பலகை, தகரம், கதவு, பெஞ்சி எல்லாம் இனி அவருக்குச் சொந்தம். அங்கேயே வைத்து லேலோங் போட்டு விற்றுவிட்டுப் போவார். லேலோங் என்றால் மலாயில் ஏலம். அதற்குக் கூவுகிறவர் வேண்டும் என்று கேட்டபோது, கிராணி என் வீட்டுக்காரரைக் கை காட்டினார். தவுக்கே அவரை ஒரு தடவை கத்திக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, இது சரியாக வந்தால் தாப்பாவிலும் பீடோரிலும் தனக்கு நடக்கிற லேலோங் எல்லாவற்றுக்கும் கூட்டிப்போகிறேன் என்றார்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மருந்து டப்பாவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, “இனிமே இத மாட்ட வேணாம் போல இருக்கு, புள்ள” என்றார். நான் பெட்டியிலிருந்த கல்யாணச் சட்டையை எடுத்துத் துவைத்துப் போட்டேன். மாமனார் அப்போது படுத்த படுக்கை. நெஞ்சில் சளி கட்டி, பேசினால் விசில் அடிப்பது போலச் சத்தம் வரும். மகனைக் கிட்டே கூப்பிட்டு, “எத வேணா வித்துக்கடா. அந்தக் கட்டில மட்டும் வித்துறாத” என்றார். “அது கோயில் சாமான்ப்பா. அதப் போய் யாரு தொடப் போறா?” என்று சொல்லிவிட்டு இவர் தலை சீவிக்கொண்டார்.

லேலோங் நாள் காலையில் கோயில் வாசலில் சாமான்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பெஞ்சிகளோடு பெஞ்சியாகத் தூக்குக் கட்டிலும் கிடந்தது. இவர் தவுக்கேயிடம் ஓடினார். தவுக்கே பொல்லாத மனுஷர் இல்லை. “எல்லாம் எண்ணி வச்சாச்சி. ஒண்ண மட்டும் எடுத்துக் குடுத்தா அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க. செத்தவன் கட்டில வெளியாளு யாரு வாங்குவான்? உங்க ஆளுங்களே அஞ்சு வெள்ளிக்கு எடுத்துக்கட்டும் லா” என்று கலப்புத் தமிழில் சொன்னார். அது நியாயமாகத்தான் பட்டது. இவர் வந்து நம் சனங்களிடம் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நாமே எடுத்துவிடுவோம், ரிங்லெட்டில் எங்கேயாவது ஒரு ஷெட்டில் போட்டு வைப்போம், என் மாமனார் போகும்போது வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் கேட்கட்டும், மற்றவர்கள் சும்மா இருங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மாதிரி ஏலம்தான்.

கதவுகள் போயின. தகரங்கள் போயின. கீழேயிருந்து வந்த தோட்டக்காரர்களும் பலகை வியாபாரிகளும் அலுப்போடு கேட்டு அலுப்போடு வாங்கினார்கள். கட்டில் வந்தது. பால்கார அண்ணன், எங்கள் லயத்தில் மாடு வைத்திருந்தவர், “அஞ்சு வெள்ளி” என்றார். வெளியாட்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாம்மா, “என்னாடா அஞ்சு வெள்ளி? எங்க ஆத்தா போன கட்டிலுடா அது. பத்து!” என்று முன்னால் வந்தார். “எங்க அண்ணன் போனது. பதினஞ்சு” என்றது இன்னொரு குரல். “என் புள்ளையக் கொண்டு போனது. இருவது” என்று ஒருவர் சொல்லும்போதே உடைந்து அழுதார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டில் செத்தவர்களின் உறவைச் சொல்லிச் சொல்லி ஏற்றினார்கள். குறைந்த விலைக்கு விட்டால் அவர்களை மறந்துபோனது போல ஆகிவிடும் அல்லவா? டிவிஷனை மூடும்போது வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. என் வீட்டுக்காரரும் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டார். தட்டை ஓங்கித் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அறுப்புப் பண்டிகையில் நிற்பது போலவே நின்றார். நூற்றைம்பதைத் தாண்டியது. “பால்கார அண்ணனுக்கு! ஒரு தரம்… ரெண்டு தரம்… மூணு தரம்!” தட்டுச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

தவுக்கேயின் ஆள் காசுக்குக் கை நீட்டினான். பால்கார அண்ணன் சாதாரணமாக, “கிறிஸ்துமஸுக்குக் குடுத்துடுறேன்” என்றார். அந்த ஆள் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “காசு இல்லன்னா திரும்ப ஏலம் போடணும்” என்றான். தவுக்கே தலையை ஆட்டினார். அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டிருந்தது. பிரிஞ்சாங்கில் ஓட்டல்களுக்குப் பழைய மரச்சாமான் வாங்கிக் கொடுக்கிற ஓர் ஆள், அதுவரைக்கும் ஓரமாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர், கட்டிலின் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். இத்தனை பேர் அழுது அடித்துக்கொண்டு கேட்கிற பலகை சாதாரணப் பலகையாக இருக்காது என்று நினைத்திருப்பார். விரலால் தட்டினார். “நல்ல மரம்” என்றார். அது எதற்கான கட்டில் என்று யாரோ சொன்னார்கள். “வார்னிஷ் அடிச்சா யாருக்குத் தெரியும்?” என்றார் அவர்.

இரண்டாவது முறை எங்கள் சனங்களுக்குப் புரிந்துவிட்டது. யாரும் யாரோடும் போட்டி போடவில்லை. முந்தானை முடிச்சையும் சட்டைப் பையையும் அவிழ்த்து, பால்கார அண்ணனின் கையில் திணித்தார்கள். நான் லோரிக் கூலிக்கு வைத்திருந்ததை ஆயாம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணன் எண்ணி எண்ணிக் கேட்டார். மரச்சாமான்காரர் ஒவ்வொரு தடவையும் அஞ்சு வெள்ளி கூட்டிச் சொன்னார். எங்கள் கை காலியானது. அவருடைய சிகரெட் பாதிகூட முடியவில்லை.

“ஒரு தரம்” என்றார் என் வீட்டுக்காரர். “ரெண்டு தரம்.” வழக்கம் போல நிறுத்தினார். கரண்டி மேலே நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பால்கார அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆயாம்மா வெறும் கையை விரித்துக் காட்டினார். என் முகத்துக்கும் வந்தார். என்னிடம் என்ன இருக்கிறது? எதிர் லயத்தில், திறந்து கிடந்த எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தார். அங்கேதான் மாமனார் படுத்திருந்தார். அவ்வளவு நீளமாக அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை. தவுக்கேக்குப் பொறுமை போய்விட்டது. “துங்கு அப்பா?” என்றார். மலாயில் அதற்கு, எதற்காகக் காத்திருக்கிறாய் என்று அர்த்தம். எங்கள் எல்லாருக்கும் மலாய் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தை விழுந்ததும் இவர் உடம்பு ஒரு தடவை ஆடியதை நான் பார்த்தேன். “மூணு தரம்” என்றார். தட்டைத் தட்டவில்லை. குரலும் எழவில்லை. காதில் விழவில்லை, திரும்பச் சொல் என்றார் தவுக்கே. இவர் திரும்பச் சொன்னார்.

நாங்கள் வீட்டுக்குள் போனபோது மாமனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து உட்கார்ந்தே பல நாள் ஆகியிருந்தது. “கேட்டுச்சுடா” என்றார். “தட்டுச் சத்தமும் கேட்டுச்சு. பால்காரனுக்குத்தான விழுந்துச்சு? நல்ல பய. என்னா குரலுடா உனக்கு.” முதல் ஏலம் அவர் காதுக்கு வந்திருந்தது. இரண்டாவது வரவில்லை. இவர் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தைச் சரி செய்தார். “ஆமாப்பா, பத்திரமா இருக்கு” என்றார். சாயந்திரம் பால்கார அண்ணன் விடைபெற வந்தபோது, மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் பேரச் சொல்லிக்கிட்டுத்தான்டா நான் போவேன்” என்றார். அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அதுக்கென்னா மாமா, நானும் ஒரு பக்கம் புடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ரிங்லெட்டில் எங்களுக்கு மூன்றாவது மாடி. மாமனார் அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. கட்டில் எங்கே என்று கடைசி வரைக்கும் கேட்கவும் இல்லை, நம்பிக்கையோடு போனார். பெட்டியை வேனுக்குக் கொண்டுபோகப் படியில் இறக்கினார்கள். மாடி வளைவு குறுகல். பெட்டி திரும்பவில்லை. கால் பக்கத்தைத் தாழ்த்தி, தலைப்பக்கத்தைத் தூக்கி, கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்துத்தான் ஒவ்வொரு வளைவையும் கடக்க முடிந்தது. உள்ளே ஏதோ சரிந்து இடிக்கிற சத்தம் கேட்டது. கீழ் மூலையைப் பிடித்திருந்தவர் என் வீட்டுக்காரர். பாரம் முழுக்க அவர் மார்பில் இருந்தது. “பாத்துப் போங்க, அப்பா நின்னுக்கிட்டு வராரு” என்றார். சொன்னபடி, பால்கார அண்ணனும் ஒரு பக்கம் பிடித்திருந்தார். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு நேருக்கு நேர் பேசி நான் பார்க்கவில்லை. சண்டையும் இல்லை.

தவுக்கே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் வீட்டுக்காரர் தாப்பாவுக்குப் போனார், பீடோருக்குப் போனார், பிறகு ஈப்போ வரைக்கும் போனார். தட்டுக்குப் பதில் மரச் சுத்தியல் வந்தது. தோளில் புதுத் தோல் வந்தது. மூடிய கடைகளின் அலமாரி, பழைய லோரி, ஆள் இல்லாத வீடு என்று எதையெதையோ விற்றார். வெள்ளைச் சட்டையை நான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொடுப்பேன். அந்தச் சோற்றில்தான் என் மகள் பிறந்து படித்தாள், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வியாபாரிகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். காரணம், அவர் வேகம். ஒன்றையும் இரண்டையும் நிதானமாகச் சொல்வார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மூச்சுக்கூட விடமாட்டார். சுத்தியல் விழுந்துவிடும். ஒரு தடவை தாப்பாவில் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில், “ஏங்க, கடைசில இப்படி ஓட்டமாச் சொல்லுறீங்க?” என்று கேட்டேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “நிறுத்துனா எல்லா மூஞ்சியும் தெரியும், புள்ள.”

ரிங்லெட் கோயிலிலும் அறுப்புப் பண்டிகை உண்டு, ஏலம் உண்டு. பல வருஷம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு மட்டும் பூசை முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து வீட்டுக்கு நடந்துவிடுவார். எனாமல் தட்டை நான் சமையலறையில் வைத்திருந்தேன். கரண்டி பட்டுப் பட்டு நடுவில் எனாமல் உதிர்ந்து, கறுப்பாக ஒரு வட்டம். அதில் அவருக்குச் சோறு போட்டதில்லை. அவரும் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவரையும் அதே படியில்தான் இறக்கினார்கள், அதே போல நிமிர்த்தித்தான்.

காப்பிக் கடை வாசலில் இதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வரவில்லை. அந்தப் பிடிதான் முதலில் தெரிந்தது, மற்றது வீட்டுக்கு வந்த பிறகு. அங்கே வேலை செய்கிற பெண் நான் தயங்குவதைப் பார்த்து, “பயப்படாம உக்காருங்க ஆண்டி, நல்லா வெயிட் தாங்கும்” என்றாள். “தெரியும்மா” என்றேன். மகள் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த மலையும் தெரியாது, அந்தக் கோயிலும் தெரியாது. சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பின்னால் ஒரு குடும்பம் படம் எடுக்க வரிசையில் காத்திருந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு, சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, எப்போது நகர்வேன் என்று பார்த்தார்கள்.

நான் உட்காரவில்லை. மண்வெட்டிக் காம்பு இருந்த மூலைக்குப் போய் நின்றுகொண்டேன். எங்கள் லயத்தில் பெண்கள் கட்டிலைத் தூக்குவதில்லை. கல்லறை மேட்டுக்கு ஏறாமல் பாதையின் தொடக்கத்திலேயே நின்றுவிடுவோம். அதனால் அத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தும் அந்தப் பிடியை நான் தொட்டதே கிடையாது. வார்னிஷுக்கு அடியிலும் அது கைக்கு வழுவழுப்பாக இருந்தது. கையை அதன் மேல் வைத்துக்கொண்டேன். மகள் எடுத்துவிட்டாள்.

காரில் வரும்போது படத்தைக் காட்டினாள். பூந்தொட்டிகள் அழகாக விழுந்திருந்தன. என் வாய் மட்டும் ஏதோ பேசுவது போலப் பாதி திறந்திருந்தது. “போட்டோ எடுக்குறப்ப என்னாம்மா பேசிக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். “ஒரு தரம்… ரெண்டு தரம்…” வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தேன்.